பிரெஞ்சு வகுப்பில் நான்தான் கடைசி பெஞ்சு

கோட்டையூர்க் கொட்டான் | சனி, இரவு 10.15

எனக்கு 41 வயது. மகளுக்கு 11, மகனுக்கு 8. மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். அது சரியா தவறா என்ற பஞ்சாயத்து இங்கே ஒரு முறை நடந்து ஓய்ந்துவிட்டது. தயவுசெய்து மறுபடி தொடங்க வேண்டாம். இப்போது கேட்க வந்தது வேறு.

போன ஆடியில் வெள்ளையடிக்க ஆள் விட்டபோது வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் இருந்த பெட்டகத்தை நகர்த்தினோம். பின்னால் ஒரு தகரப்பெட்டி. என் வீட்டுக்காரரின் ஐயா, அதாவது தாத்தா, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்கு (இன்றைய வியட்நாம்) கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, முதலாளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாகத் திரும்பினார் என்பார்கள். பெட்டிக்குள் அவருடைய தாள்கள். தமிழில் இருந்த கணக்கை என் மாமியார் கண்ணாடிகூடப் போடாமல் படித்துவிட்டார். மீதி 40 தாளுக்கு மேல் பிரெஞ்சு. ஊரில் யாருக்கும் தெரியாது. "நாமே படித்துக்கொண்டால் என்ன?" என்று மகன் கேட்டான். தாளுக்கு ஆள் தேடுவதைவிட அது எளிது என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது. என்ன துணிச்சல்!

முதலில் காசு கட்டி இணைய வகுப்பு ஒன்றில் சேர்த்தேன். ஆசிரியை ஆங்கிலத்தில் பிரெஞ்சு இலக்கணம் சொல்லிக்கொண்டே போனார், பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்கள். மூன்று மாதம் ஆனதும் நிறுத்திவிட்டேன். பிறகு நாங்களே. காலைப் பலகாரம் முடிந்ததும் பட்டாலையில் (கூடத்தில்) பாய் போட்டு அரை மணி நேரம். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிறுவனத்தின் இலவசப் பாடங்களைக் கேட்பது, கேட்டதை நோட்டில் எழுதுவது, எழுதியதை வைத்து ஒருவரையொருவர் மடக்குவது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

நோட்டில் உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதிக்கொண்டோம். அதில் ஒரு நாள் வினை வந்தது. பிரெஞ்சில் ரொட்டிக்கு "பேன்". மகன் வளவு (உள்முற்றம்) முழுக்க ஓடி ஓடி "எனக்குப் பேன் வேண்டும், எனக்குப் பேன் வேண்டும்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அப்பத்தா உள்ளேயிருந்து ஈருளியோடு வந்து அவனை மடியில் கவிழ்த்துவிட்டார். கால் மணி நேரம் தலை பார்த்த பிறகுதான் விட்டார்.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். மகள் வினைச்சொற்களை வாய்பாடு போல ஒப்பிக்கிறாள். மகனுக்குக் காது அப்படியொரு காது. எனக்கோ நேற்றுப் படித்தது இன்றைக்கு இல்லை. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் திருத்திவிடுகிறார்கள். "அம்மா, நீ கொஞ்சம் மெதுவாக வா, நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போகிறோம்" என்று நேற்று மகள் சொன்னாள். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை. நான் விலகிக்கொண்டு அவர்களை விட்டுவிடலாமா? அல்லது கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதில் ஏதாவது பயன் உண்டா?

இன்னொன்று. அந்தத் தாள்களில் பலவற்றில் முதல் சொல் "ரெகு" என்று இருக்கிறது. ரகு என்று அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருப்பார் என்று நினைக்கிறோம். சைகோன் பக்கம் போன குடும்பத்தார் யாருக்காவது தெரியுமா?


பள்ளத்தூர்ப் பெரியப்பன் | சனி, இரவு 11.02

தங்கச்சி, வருத்தப்படாமல் கேட்க வேண்டும். பெட்டியில் பழைய தாள் கிடைத்தது என்பதற்காக ஒரு மொழியையே படிக்க வேண்டுமா? மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். என் தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தாள், மதிப்பெண்ணுக்காக. 200க்கு 190க்கு மேல். இன்றைக்கு அவளுக்குப் பிரெஞ்சும் தெரியாது, தமிழில் ஒரு கடிதம் எழுதவும் தெரியாது. இந்த மோகத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.


கோட்டையூர்க் கொட்டான் | சனி, இரவு 11.20

அண்ணன், என் பிள்ளைகள் தமிழை விடவில்லை. காலையில் பிரெஞ்சு அரை மணி என்றால் மாலையில் தமிழ் ஒரு மணி. மதிப்பெண் போட இங்கே யாரும் இல்லை, மோகத்துக்கும் வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் குடும்பத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்றெல்லாம் அதில் இருந்தால்? வெளியாள் கையில் கொடுக்க மாமியார் சம்மதிக்கவில்லை.


புதுவைப் பழையவன் | ஞாயிறு, காலை 6.40

நான் புதுச்சேரியில் 30 ஆண்டு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முதலில் ரகுவை அனுப்பி வைத்துவிடுவோம். அம்மா, அந்தச் சொல்லில் "சி" எழுத்தின் அடியில் சிறிய வால் ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். பழைய கையெழுத்தில் மை மங்கியிருக்கும், பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும். வால் இருந்தால் அது "க" அல்ல, "ஸ". சொல் "ரெஸ்யூ". "பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். உங்களிடம் இருப்பவை ரசீதுகள்.

அடுத்து நோட்டு. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். பேன் கதையைப் படித்து என் மனைவியும் நானும் சிரித்து மாளவில்லை, ஆனால் ஆபத்து அதைவிடப் பெரியது. ரொட்டி, குளியல் இரண்டுமே தமிழில் எழுதினால் "பேன்"தான். முதல் சொல்லுக்குப் பம்பரத்தின் ப, இரண்டாவதற்குக் கம்பத்தின் ப. அன்பளிப்பு, கேக் இரண்டும் நோட்டில் "கதோ" ஆகிவிடும். ஓசையில் அவை வேறு வேறு. தமிழில் இந்த ஒலிகள் உண்டு, தனி எழுத்துத்தான் இல்லை. இடம் பார்த்து நாமே மாற்றிச் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் இடம் பார்த்து மாறாது. ஆகவே காதால் பிடியுங்கள், பிரெஞ்சு எழுத்தில் எழுதுங்கள்.

மூக்கொலி வராது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. தமிழனுக்கு அது பிறவியிலேயே உண்டு. "மரம்" என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு ஒட்டுகிறதா? ஒட்டாது. ஓசை மூக்கில் போய் முடியும். பிரெஞ்சில் "நல்லது" என்பதற்கான "போன்" ஏறக்குறைய அதே முடிவுதான். என் மாணவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் காட்டுவேன். பெரும்பாடு படுத்துவது "யூ". உதட்டை "ஊ" சொல்லக் குவித்துக்கொண்டு, உள்ளே "ஈ" சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணாடி முன்னால் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

விலகுவதா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். கோயிலுக்குக் கிளம்ப வேண்டும்.


தேவகோட்டைத் தேன்குழல் | ஞாயிறு, காலை 9.30

ஆச்சி, நான் விலகியவள். அதனால் சொல்கிறேன். என் இரண்டு பெண்களோடு ஓராண்டு படித்தேன். அவர்கள் என்னைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. மாணவியாக இருந்தவள் மேற்பார்வையாளராக மாறிவிட்டேன். தினமும் பத்துச் சொல், வெள்ளிக்கிழமை தேர்வு, தப்பு விட்டால் பத்து முறை எழுது. அவர்கள் படிப்பதை நான் படிக்கவில்லை, ஆனால் திருத்தினேன். விடைத்தாளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தும் ஆசிரியருக்குப் பிள்ளைகளிடம் என்ன மரியாதை இருக்கும்? நான்கு மாதத்தில் பெரியவள் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டாள். அதற்கு முன்னால் நான் அசடு வழிந்த நாட்களில்தான் மூவரும் நன்றாகப் படித்தோம் என்பது பிறகு புரிந்தது. என்னைத் திருத்துவதற்காகவே சின்னவள் முந்தின இரவு பாடத்தைப் பார்த்து வைப்பாளாம். இதை அவளே போன மாதம்தான் சொன்னாள்.


கானாடுகாத்தான் வழிகாட்டி | ஞாயிறு, பகல் 1.10

எனக்கு இலக்கணம் ஒரு வரி தெரியாது. ஆனால் பிரெஞ்சு பேசிப் பிழைக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் வரும் வெளிநாட்டுக்காரர்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. வீடுகளைச் சுற்றிக் காட்டிக் காட்டியே பழகியது. ஆத்தங்குடிக் கல்லுக்கும் பர்மாத் தேக்குக்கும் முட்டைச் சுண்ணாம்புக்கும் அவர்கள் வாயிலிருந்தே சொல் பிடுங்கினேன்.

ஆச்சிக்கு ஒரு யோசனை. பிள்ளைகளை ஒரு நாள் இங்கே கூட்டி வாருங்கள். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வாருங்கள்: எதைக் கேட்பதற்கு முன்னாலும் "போன்ழூர்" சொல்லிவிட வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். நம் ஊரில் வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லாமல் என்ன வேண்டும் என்று கேட்டால் எப்படியோ, அப்படி.


சுண்ணக்கட்டி | ஞாயிறு, மாலை 5.45

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பள்ளத்தூராருக்கு ஒரு மறுப்பு உண்டு. பேரனுக்காக நானும் சில மாதம் பிரெஞ்சுப் பாடம் கேட்டேன். பிரெஞ்சு எனக்கு வந்ததோ இல்லையோ, தமிழ்ப் புணர்ச்சியை வகுப்பில் எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பள்ளி" அவர்களுக்கு "எகோல்". முன்னால் வரும் "லா" என்ற சொல் உயிரைக் கண்டதும் தன் உயிரை விட்டுவிடுகிறது. "லெகோல்" என்று ஒன்றாகிறது. நாடு, எல்லாம் சேர்ந்து நாடெல்லாம் ஆகும்போது நம் உகரம் ஓடுவதும் இதே வேலைதான். இரண்டு உயிர் மோதினால் நாம் மணியடித்தது என்று யகரத்தை நடுவே வைக்கிறோம். அவர்கள் சில இடங்களில் தகரத்தை வைக்கிறார்கள். இதற்கு உடம்படுமெய் என்று பெயர் சொன்னதும் என் மாணவர்கள் முகத்தில் விழுந்த இருள் எனக்குத்தான் தெரியும். கோட்டையூர்ப் பிள்ளைகளுக்கு அந்த இருள் விழாது.

பிரெஞ்சு எண்கள் பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 70க்கு அறுபது-பத்து, 80க்கு நான்கு-இருபது, 90க்கு நான்கு-இருபது-பத்து. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70, 90 இரண்டுக்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு. ஆனால் நாம் எண்பதுக்கு அடுத்து என்ன சொல்கிறோம்? தொண்ணூறு. அதற்குள் நூறு எப்படி வந்தது? எண்ணூறுக்கு அடுத்துத் தொள்ளாயிரம். அதற்குள் ஆயிரம் எப்படி வந்தது? நம் வீட்டுக் கோணல் நமக்குக் கண்ணில் படுவதில்லை.


பள்ளத்தூர்ப் பெரியப்பன் | ஞாயிறு, மாலை 6.30

ஐயா சொன்னால் மறுக்க முடியாது. தொண்ணூறில் நூறு இருப்பதை 58 வயதில் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஆனாலும் தங்கச்சி, தேர்வு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாத படிப்பு காற்றோடு போய்விடும்.


புதுவைப் பழையவன் | ஞாயிறு, இரவு 8.15

தேர்வு வேண்டுமென்றால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு இருக்கிறது. சிறுவர்களுக்கென்று தனி வகை உண்டு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையங்களில் நடக்கும். சான்றிதழ் காலாவதி ஆகாது. அவசரமில்லை.

வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பிரான்சில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது எளிதல்ல. 2021இல் சட்டம் போட்டு, 2022 கல்வியாண்டு முதல் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கோட்டையூரில் பட்டாலையில் பாய் போட்டுப் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் பாரிசில் இருந்தால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. விலகக் கூடாது. தேவகோட்டை அம்மா சொன்னதுதான் முதல் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளுக்குக் காது இருக்கிறது, உங்களுக்கு உலகம் தெரியும். ரசீது என்றால் என்ன, வாடகை, வட்டி, முத்திரைத்தலை (ரசீதில் ஒட்டும் வருவாய் முத்திரை) என்றால் என்ன என்பது எட்டு வயதுப் பையனுக்குத் தெரியாது. அந்தத் தாள்களை அவர்களால் தனியே படிக்க முடியாது. உங்களாலும் முடியாது.


கோட்டையூர்க் கொட்டான் | திங்கள், காலை 7.05

வால் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் மூவரும் பார்த்தோம். ரகு காலமானார். பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், அவருக்கு மீசையெல்லாம் வைத்துப் படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

"நீ", "நீங்கள்" சிக்கல் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே பிள்ளைகள் அப்பா அம்மா இருவரையுமே நீ என்பார்களாம். எங்கள் வீட்டில் என்னைத்தான் நீ, அப்பாவை நீங்கள். மகன் பிரெஞ்சில் அப்பாவை "தூ" என்று கூப்பிட்டுவிட்டு, பொருளையும் விளக்கிவிட்டான். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "அது பிரெஞ்சோடு இருக்கட்டும்" என்றார்.

ஆண்பால் பெண்பாலுக்கு நாங்கள் நூல் கட்டுகிறோம். பெண்பால் பொருளுக்குச் சிவப்பு, ஆண்பாலுக்கு நீலம். நாற்காலிக்குச் சிவப்பு, பீரோவுக்கு நீலம். (பீரோ அவர்களுக்கு மேசையும் அலுவலகமுமாம். நம் வீட்டில் அதற்குள் சேலை இருக்கிறது.) அம்மிக்கு என்ன நூல் என்று சண்டை வந்து அப்பத்தாவிடம் போனார்கள். "அம்மி தாய், குழவி பிள்ளை. பெயரிலேயே இருக்கிறதே" என்றார். அம்மியில் சிவப்பு நூல் கட்டியாயிற்று. அரைக்கும்போது அவிழ்த்துவிட்டு அரைக்க வேண்டியிருக்கிறது.


கோட்டையூர்க் கொட்டான் | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

ஒரு தாளை முழுதாகப் படித்துவிட்டோம்! நான்கு நாள் ஆயிற்று.

உள்ளங்கை அகலம்தான். மேலே சைகோன், 1931 மார்ச். வலது மூலையில் தொகை எண்ணில் இருந்திருக்கும், அதைக் கரையான் தின்றுவிட்டது. எழுத்தில் எழுதியது மட்டும் மிச்சம். நான் படித்தேன்: காத்ர, வேன், தீஸ், ஸெத். நான்கு, இருபது, பத்து, ஏழு. நான்கு வகைச் சரக்கு போலிருக்கிறது என்று நான் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு 80 என்றால் நான்கு வேன். பிள்ளையார்பட்டிக்கு வேன் பிடித்துப் போனோம், வேனுக்கு 20 பேர். அப்படித்தான் அவன் மனப்பாடம் செய்தது. "நான்கு வேன் நிறைந்து, பத்துப் பேர் நின்றுகொண்டு, ஏழு பேர் மேலே ஏறிவிட்டார்கள் அம்மா. தொண்ணூற்று ஏழு!" 97 பியாஸ்தர், அன்றைய சைகோன் நாணயம்.

எதற்காக என்பது அடுத்த வரி. "லோயர்" என்று நான் எழுத்துக் கூட்டினேன். வக்கீலுக்குக் கொடுத்த பணம் என்று மகள் சொல்லிவிட்டாள், வழக்கு இருந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் கவலைப்படத் தொடங்கிவிட்டார். அகராதியில் பார்த்தால் "லுவாயே", வாடகை. ஐயா மார்ச் மாத வாடகை கொடுத்ததற்கு, வாடகைக்கு விட்டவர் எழுதிக்கொடுத்த ரசீது.

இந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு: சைகோனில் ஐயாவுக்குச் சொந்தமாக மாடி வீடு இருந்தது என்று. நான் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேறு வீடாக இருக்கும்" என்று கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.


கானாடுகாத்தான் வழிகாட்டி | ஞாயிறு, இரவு 10.05

ஆச்சி, கடை வாடகையாகவும் இருக்கலாம், கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வாடகையாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு மாடி வீட்டை இடிக்காதீர்கள்.

புதன்கிழமை பையனைக் கூட்டி வந்ததற்கு நன்றி. நிலைப்படி தாழ்வாக இருந்த இடத்தில் எல்லாம் முன்னால் போய் நின்றுகொண்டு "தலை பத்திரம்" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டே இருந்தான். ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் தலையும் இடிக்கவில்லை. வழக்கமாக இரண்டு பேராவது இடித்துக்கொள்வார்கள்.


சுண்ணக்கட்டி | ஞாயிறு, இரவு 10.20

97 பியாஸ்தர் அன்றைக்குச் சின்னத் தொகை அல்ல. 1930இல் ஒரு பியாஸ்தருக்கு 10 பிராங்க் என்று மதிப்புக் கட்டினார்கள். அப்படியானால் 970 பிராங்க். அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லிப் பையனுக்கு வீட்டுப்பாடம் கொடுங்கள்.


பள்ளத்தூர்ப் பெரியப்பன் | ஞாயிறு, இரவு 10.40

தங்கச்சி, எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. என் அப்பச்சி சைகோனில் ஏழு ஆண்டு இருந்தவர். இரண்டு தாள் பிரெஞ்சு. வெளியாளிடம் கொடுக்க எனக்கும் மனமில்லை. பிள்ளைகளுக்கு நேரம் இருக்குமா?


கோட்டையூர்க் கொட்டான் | ஞாயிறு, இரவு 10.55

கொண்டு வாருங்கள் அண்ணன். மாவுருண்டையும் கொண்டு வந்தால் வேலை வேகமாக நடக்கும்.

புதுவை ஐயாவுக்கு ஒரு கேள்வி. இரண்டாவது தாளில் கையெழுத்துக்கு மேலே ஒரு சொல். முதல் எழுத்து "எஸ்" போலவும் இருக்கிறது, "எல்" போலவும் இருக்கிறது. நடுவில் ஒரு எழுத்தின் தலையில் சிறிய கூரை போட்டிருக்கிறது.


புதுவைப் பழையவன் | ஞாயிறு, இரவு 11.10

கூரை "ஓ" மேலா, "ஏ" மேலா? அதற்கு அடுத்த எழுத்துக்குக் கால் கீழே இறங்குகிறதா?


கோட்டையூர்க் கொட்டான் | ஞாயிறு, இரவு 11.14

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பையன் தூங்கிவிட்டான். காலையில் அவனைப் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன்.